ஆள் நடமாட்டம்

ஹோட்டல் சலவைக்கூடத்தில் அவளுக்கு நுரையக்கா என்று பெயர். தொட்டியில் எழும்பும் நுரையை எட்டிப் பார்த்தே தண்ணீர் உப்பா, சோப்பு கூடிப்போயிற்றா, விரிப்பில் எண்ணெய் ஒட்டியிருக்கிறதா என்று சொல்லிவிடுவாள். இருபத்திரண்டு வருடம் அந்த நீராவியிலேயே வெந்தவள். ஒருநாள் ஹோட்டலை இழுத்து மூடினார்கள். கூட வேலை பார்த்தவர்கள் எல்லாம் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட, நுரையக்கா மட்டும் கைக்கு வந்த பணத்தை பத்திரப்படுத்திவிட்டு மறுநாளே இடம் பார்க்கக் கிளம்பினாள்.

காசு போட்டுத் துவைத்துக்கொள்ளும் கடை ஒன்று வைக்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. மெஷின் கடைக்காரருடையது; வருகிறவர்கள் துணியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்து, துவைத்து உலர்த்தி மடித்து எடுத்துப் போகலாம்.

“துவைக்கிறதுக்குன்னு ஒரு கடையா? அவனவன் வீட்ல துவைச்சுக்க மாட்டானா?” என்றார் கணவர். நகரப் பேருந்து ஓட்டுகிறவர், எதையும் ஹாரன் அடித்துவிட்டுத்தான் யோசிப்பார்.

“உங்க சட்டையை என்னைக்காவது நீங்க துவைச்சிருக்கீங்களா?”

“இல்ல.”

“அப்ப பேசாம இருங்க.”

அவர் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து, வண்டி ஓட்டும்போது கண்ணில் படுகிற ‘வாடகைக்கு’ என்ற பலகைகளை எல்லாம் மனதில் குறித்துவந்து சொல்ல ஆரம்பித்தார்.

இந்தத் தொழிலில் யாரும் அவள் காதில் பூச்சுற்ற முடியாது. தரைத்தளமாக இருக்க வேண்டும். எட்டு மெஷின்கள் ஒரே நேரத்தில் சுற்றினால் மாடி ஆடிப்போகும். கழிவுக்குழாய் நாலு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. உலர்த்தும் மெஷினின் சூடு வெளியேற பின்சுவரில் ஓட்டை போட இடம் வேண்டும். பக்கத்தில் எண்ணெய்ப் பலகாரக் கடை இருந்தால் துவைத்த துணியில் வாடை ஏறிவிடும். முன்பக்கம் கண்ணாடி இருக்க வேண்டும். தனியாக வந்து உட்காரும் பெண்ணுக்குத் தெரு தெரிந்தால்தான் தைரியம். எல்லாவற்றுக்கும் மேலே, ஆள் நடமாட்டம் வேண்டும். அழுக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு யாரும் நாலு தெரு நடக்க மாட்டார்கள். எங்கேயோ போகிற வழியில் கடை இருந்தால்தான் காலை உள்ளே வைப்பார்கள்.

இதையெல்லாம் ஒரு நீள நோட்டில் எழுதிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்தாள். மரம் அறுக்கும் பட்டறைக்குப் பக்கத்தில் ஒரு இடம், வாடகை சல்லிசு. ஐந்து நிமிடம் நின்றதற்குள் அவள் புருவமெல்லாம் மரத்தூள். அடுக்குமாடிகள் நிறைந்த தெருவில் பளபளவென்று ஒரு கடை. அண்ணாந்து பார்த்தால் பால்கனிக்கு பால்கனி ஒரு மெஷின். மேட்டுத் தெருவில் இருந்த கூடத்தைப் பார்க்கப் போனபோது அவளுக்கே மூச்சு வாங்கியது, மூட்டையோடு யார் ஏறுவார்கள்? இன்னொரு இடத்துத் தண்ணீரில் சோப்புத்தூளைப் போட்டுக் குலுக்கிப் பார்த்தாள், மோர் மாதிரித் திரிந்து நின்றது. பழைய இரும்புக்கடை ஒன்றில் மழைக்கு சாக்கடை உள்ளேயே எதிர்த்து வந்திருந்தது. நோட்டில் பதினான்கு இடங்கள் சேர்ந்தன. பதினான்கின் குறுக்கேயும் கோடு போட்டாள்.

பதினைந்தாவது இடத்தைப் பார்த்ததும் நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள்.

இரண்டு தெருக்கள் கூடும் முனை. செருப்பு தைக்கும் கடைக்கும் ஃபோன் ரிப்பேர் கடைக்கும் நடுவே நீளமான கூடம். தண்ணீர் வேகமாக வந்தது, குலுக்கிய புட்டியில் நுரை பொங்கி விரலில் வழிந்தது. பின்பக்கம் திறந்த சந்து. எதிரே இருந்த டீக்கடையில் போய் உட்கார்ந்து ஆட்களை எண்ண ஆரம்பித்தாள். காலை ஆறரையிலிருந்து எட்டு மணிக்குள் நாற்பத்தெட்டுப் பெண்கள் அந்த வாசலைக் கடந்தார்கள். மாலையில் அதே பெண்கள் திரும்பினார்கள். பாதிப் பேர் இடுப்பில் குழந்தை, தோளில் பை, காலில் தேய்ந்த செருப்பு. வீட்டில் மெஷின் வாங்கி வைக்க இடமும் இல்லாதவர்கள், கையால் துவைக்க நேரமும் இல்லாதவர்கள். அவள் தேடிக்கொண்டிருந்தது இவர்களைத்தான். மூன்று வாரம், மழை நாளில்கூட விடாமல் எண்ணினாள். டீக்கடைக்காரர், “அக்கா, யாரையாவது கண்காணிக்கிறீங்களா?” என்றே கேட்டுவிட்டார்.

பின்னால் இருந்த இரண்டு தெருக்களில் ஒற்றை அறை வீடுகள் வரிசையாக இருந்தன. இந்தப் பெண்கள் அங்கிருந்துதான் வருகிறார்கள் என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள். குழாயின் அகலத்தைக் கூட அளந்து பார்த்தவள், அந்தப் பெண்களில் ஒருத்தியையாவது நிறுத்தி, ‘எங்கேயிருந்து வர்றீங்க?’ என்று கேட்கவில்லை.

அந்தக் கூடத்தில் அப்போது குழந்தைகள் காப்பகம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. நடத்தியவளை எல்லாரும் டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். கட்டடச் சொந்தக்காரர் வாயெல்லாம் பல்லாக, “அவங்க அடுத்த மாசம் காலி பண்றாங்கம்மா. பின் தெருவுலயே இதைவிடப் பெரிய இடமா பார்த்துட்டாங்க” என்றார். நுரையக்காவுக்கு அது இன்னும் வசதியாகப் பட்டது. காப்பகம் பின் தெருவுக்குப் போனாலும் அம்மாக்கள் இந்த வழியாகத்தானே போக வேண்டும்.

அளவெடுக்க அவள் போனது ஒரு மதிய நேரம். உள்ளே நாற்பது குழந்தைகள் பாயில் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தன. டீச்சர் மட்டும் மடியில் ஒன்றைப் போட்டுத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும், தூக்கமில்லாத கண்கள். நுரையக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, அடிமேல் அடி வைத்து, குழந்தைகளுக்கு மேலாக டேப்பை இழுத்துப் பிடித்தாள். ஒரு பையன் தூக்கத்தில் காலை உதைக்க, டேப் அதிர்ந்து சுருண்டது.

“கரண்ட் ஆபீஸ்லேர்ந்தா?” என்று டீச்சர் கிசுகிசுத்தாள்.

“இல்ல டீச்சர். நீங்க காலி பண்ணதும் நான்தான் எடுக்கிறேன்.”

டீச்சரின் தட்டிக்கொண்டிருந்த கை நின்றது. “காலி பண்றேன்னு யார் சொன்னா?”

“பின் தெருவுல பெரிய இடம் பார்த்திருக்கீங்கன்னு அவர்தான்...”

“பின் தெருவுல இடம் இருந்திருந்தா பதினோரு வருஷமா நான் ஏன் இவர்கிட்ட பேச்சு வாங்கிட்டு இங்கேயே கிடக்கிறேன்?” மடியில் இருந்தது சிணுங்கியது. மறுபடியும் தட்ட ஆரம்பித்தாள். “போன வாரம்தான் நோட்டீஸ் குடுத்தார். இந்த மாசத்தோட வெளிய போகணுமாம். இன்னும் அம்மாக்கள்கிட்டகூட நான் சொல்லல.”

நுரையக்கா டேப்பைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்தாள். கடைசிச் சுவரை அளக்கவே இல்லை.

அன்று சாயங்காலம் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் காலைத் தண்ணீரில் ஊறப்போட்டுக்கொண்டு கேட்டார்.

“நீ எடுக்கலைன்னா அந்த ஆள் அவங்களை விட்டுடுவானா?”

“மாட்டான்.”

“அப்ப வேற ஒருத்தன் எடுப்பான். நீ எடுத்தா என்ன, அவன் எடுத்தா என்ன?”

யாராவது இதைத் தன்னிடம் சொல்ல வேண்டும் என்றுதான் அவள் பேச்சையே எடுத்தாள். அது அவளுக்கே தெரியும். தன் மகளையும் அவள் யார் யார் வீட்டிலோ விட்டுத்தான் வளர்த்தாள். வேலை முடிந்து ஓடிப்போய் எடுக்கும்போது பிள்ளையின் சட்டை ஈரமாக இருக்கும், மூக்கு ஒழுகிக் காய்ந்திருக்கும். கேட்டால் நாளைக்கு விட முடியாதே என்று வாயை மூடிக்கொண்டு வருவாள். அந்த மகள் கல்யாணமாகி எங்கேயோ தூரத்தில் இருக்கிறாள், இப்போதும் அம்மாவிடம் அளந்துதான் பேசுவாள். இதெல்லாம் நினைவுக்கு வராமல் இல்லை. ஆனால் வயது ஐம்பத்திமூன்று. இந்த இடத்தை விட்டால் இன்னொன்று கிடைக்குமா?

இரண்டு நாள் அல்லாடினாள். மூன்றாம் நாள் ஒரு வழி தோன்றியது. தன்னிடம்தான் ஊரில் காலியாக இருக்கும் இடங்களின் பட்டியலே இருக்கிறதே! நீள நோட்டை எடுத்துக்கொண்டு காப்பகத்துக்கு ஓடினாள்.

“டீச்சர், நாலு மாசம் நாயா அலைஞ்சு பார்த்த இடங்கள். வாடகை, ஓனர் நம்பர் எல்லாம் இதுல இருக்கு. உங்களுக்கு எது வேணுமோ நானே கூட வந்து பேசி முடிச்சுத் தர்றேன்.”

டீச்சர் நோட்டை வாங்கினாள். நின்றபடியே பக்கம் பக்கமாகப் புரட்டினாள். நுரையக்காவின் கையெழுத்து குண்டு குண்டாக, தெளிவாக இருக்கும். மரத்தூள். சாக்கடை எதிர்த்து வருகிறது. சுவரில் ஈரம். தண்ணீர் ஆகாது. மேடு. காற்றே இல்லை. ஒவ்வொன்றின் குறுக்கேயும் ஒரு கோடு. டீச்சர் படித்து முடித்து நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தாள். அவள் குரல் உயரவே இல்லை.

“உங்க மெஷினுக்கே ஆகாத இடம் அக்கா இதெல்லாம். அங்க புள்ளைங்களைப் படுக்க வைக்கச் சொல்றீங்களா?”

நுரையக்கா நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினாள். அந்த வாரக் கடைசியில் கட்டடக்காரரிடம் போய்க் கையெழுத்துப் போட்டாள்.

கடை திறந்தாயிற்று. எட்டுத் துவைக்கும் மெஷின்கள், நாலு உலர்த்தும் மெஷின்கள், உட்கார நீளப் பெஞ்சு, துணி மடிக்க அகலமான மேசை. கண்ணாடியைத் தினமும் அவளே துடைத்தாள். முதல் நாள் செருப்பு தைப்பவர் ஒரு போர்வை கொண்டுவந்தார். கணவர் தன் காக்கிச் சட்டைகளை எல்லாம் கொண்டுவந்து டோக்கன் போட்டு, “இதோ பார், நானும் துவைச்சுட்டேன்” என்று சிரித்தார். இரண்டாம் நாள் மூன்று பேர். அப்புறம் ஒருவர், இருவர்.

அந்தப் பெண்களைக் காணோம்.

முதலில் லீவு என்று நினைத்தாள். பிறகு மழை என்று நினைத்தாள். இரண்டாவது வாரம் பழைய டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்து மறுபடியும் எண்ணினாள். காலை ஆறரையிலிருந்து எட்டு வரை. பதினோரு பேர். அதில் நாலு பேர் ஆண்கள். தெரு பல் விழுந்த வாய் மாதிரி வெறிச்சோடிக் கிடந்தது. டீக்கடைக்காரர் தாமாகவே சொன்னார்: “எனக்கும் காலை வியாபாரம் படுத்துப்போச்சு அக்கா.” அவர் அவளைக் குறை சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு டீயை வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் நகர்ந்துகொண்டார்.

ஏழாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒருத்தி மூட்டையோடு வந்தாள். நுரையக்காவுக்கு முகம் தெரிந்தது. அந்த நாற்பத்தெட்டில் ஒருத்தி. பேக்கிங் கம்பெனியின் நீலச் சட்டை போட்டிருந்தாள், முதுகில் நிறுவனத்தின் அச்சு பாதி அழிந்திருந்தது.

“வாம்மா, வா” என்று நுரையக்கா பெஞ்சைத் துடைத்தாள்.

“இருபது நிமிஷத்துல முடிஞ்சுடுமா?”

“துவைச்சு, அலசி, பிழிய முப்பத்தஞ்சு ஆகும். உட்காரு, டீ சொல்றேன்.”

அவள் உட்காரவில்லை. மெஷின் சுற்றுவதையும் சுவர்க் கடிகாரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“முன்னாடி தினம் இந்தப் பக்கம் போவியே? இப்ப யாரையுமே காணோமே?”

“இந்தப் பக்கம் எங்களுக்கு என்ன வேலை?” என்றாள் அவள். “நாங்க இருக்கிறது ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். கம்பெனி பஸ் அங்கேயே வரும். புள்ளையை விடத்தான் பாலம் ஏறி இறங்கி இங்க வந்தோம்.”

நுரையக்கா சோப்புத்தூள் டப்பாவின் மூடியை மூடினாள். அது ஏற்கனவே மூடித்தான் இருந்தது.

“பின்னாடி ரூம்கள்ல இருக்கிறவங்க?”

“காப்பகம் பக்கத்துல இருக்குன்னு அதிக வாடகை குடுத்து இருந்தாங்க கொஞ்சப் பேரு. இப்ப எதுக்கு இருக்கணும்? போயிட்டாங்க.”

“உன் புள்ளை?”

“ரூம்ல இருக்கு.”

“யார் பார்த்துக்கிறா?”

அந்தப் பெண் கண்ணாடி வழியே தெருவைப் பார்த்தாள். “பூட்டிட்டுத்தான் வந்தேன். தண்ணி, பிஸ்கட் எல்லாம் கைக்கு எட்டுற மாதிரி வச்சிருக்கேன். மூணு வயசு முடியப் போகுது. சொன்னாப் புரிஞ்சுக்குவா.”

“ஐயோ, ஏம்மா! இங்க கூட்டிட்டு வந்திருக்கலாமே!”

“இன்னைக்குக் கூட்டிட்டு வரலாம். நாளைக்கு வேலைக்குக் கூட்டிட்டுப் போக முடியுமா அக்கா? பழகட்டும்னுதான்.”

மெஷின் பிழிய ஆரம்பித்து தடதடவென்று அதிர்ந்தது. அந்தப் பெண்ணுக்குப் பொறுக்கவில்லை. “போதும், நிறுத்துங்க” என்று ஈரத்தோடு துணிகளை வாரி மூட்டையில் அடைத்துக்கொண்டு ஓடினாள். வாசலிலிருந்து பாலம் வரை தண்ணீர் சொட்டிக்கொண்டே போனது. அவள் அப்புறம் வரவில்லை.

அன்று இரவு நுரையக்கா சாப்பாட்டில் கை வைக்கவில்லை. மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு டீச்சரைத் தேடிக் கிளம்பினாள். செருப்பு தைப்பவரிடம் விசாரித்து, அவர் சொன்ன இடத்தில் இன்னொருவரிடம் விசாரித்து, கடைசியில் அட்டைப்பெட்டி கம்பெனி ஒன்றின் வாசலில் சாப்பாட்டு நேரத்தில் பிடித்தாள். டீச்சர் தலையில் வலை மாட்டியிருந்தாள். விரல்களில் பசை காய்ந்து செதில் செதிலாக இருந்தது.

“டீச்சர், பாதிக் கடையை நீங்க எடுத்துக்குங்க. மெஷின்களை ஒரு பக்கமா ஒதுக்கிடறேன். நடுவுல பலகை அடிச்சுக்கலாம். நீங்க ஒரு பைசா வாடகை தர வேண்டாம்” என்று மூச்சுவிடாமல் சொன்னாள்.

டீச்சர் அவளை உட்காரச் சொல்லித் தன் பாட்டிலிலிருந்து தண்ணீர் கொடுத்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்து வந்தவள் பாட்டிலைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

“கொதிக்கிற மெஷினுக்குப் பக்கத்துல புள்ளைங்களை வைக்க யார் அனுமதி தருவா? அனுமதி கிடைச்சாலும் நான் வைப்பேனா?” என்றாள் டீச்சர். “அதோட, புள்ளைங்க எங்க இருக்கு அக்கா? தையல்காரம்மா தன் புள்ளையை ஊர்ல அவங்க அம்மாகிட்ட விட்டுட்டா, வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்கலாம். கேன்டீன்ல வேலை பார்க்கிறவ மூத்த பொண்ணைப் பள்ளிக்கூடத்துலேர்ந்து நிறுத்திட்டா, சின்னதைப் பார்த்துக்க. ரெட்டைப் புள்ளைக்காரி வேலையையே விட்டுட்டா. அந்த பேக்கிங் பொண்ணு இருக்காளே...”

“தெரியும்” என்றாள் நுரையக்கா.

“பூட்டிட்டுப் போறா.”

“தெரியும் டீச்சர்.”

மணி அடித்தது. டீச்சர் எழுந்து சேலையில் ஒட்டியிருந்த அட்டைத் துண்டுகளைத் தட்டிவிட்டாள். “உங்க மேல எனக்குக் கோபம் இல்லக்கா. நீங்க இல்லைன்னா வேற யாராவது எடுத்திருப்பாங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கணவர் சொன்ன அதே வார்த்தைகள். அன்றைக்குக் கேட்டபோது தெம்பாக இருந்தது. இன்றைக்கு டீச்சரின் வாயிலிருந்து வந்தபோது நுரையக்காவுக்குத் தாங்க முடியவில்லை. கோபப்பட்டிருந்தால், நாலு பேர் பார்க்கக் கத்தியிருந்தால், காலில் விழுந்திருக்கலாம். அதற்கும் வழியில்லாமல் போயிற்று. மதில் ஓரமாக உட்கார்ந்து, போகிறவர்கள் வருகிறவர்கள் பார்க்க, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அப்புறமும் எட்டு மாதம் கடையைத் திறந்து வைத்திருந்தாள். ஒப்பந்தம் அப்படி. தினமும் காலையில் ஒரு மெஷினை வெறும் தண்ணீரில் ஓட்டுவாள், ரப்பர் காய்ந்து வெடித்துவிடக் கூடாது என்று. பெஞ்சில் தானே உட்கார்ந்து அது சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கணவர் பகல் ஓய்வில் வந்தால் பக்கத்தில் உட்காருவார். வேடிக்கையாக ஏதாவது சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொள்வார். பேக்கிங் பெண்ணைத் தேடிப் பாலம் தாண்டியும் ஒருமுறை போய்வந்தாள். அந்த வரிசையில் முப்பது நாற்பது கதவுகள், வேலை நேரம், எல்லாவற்றிலும் பூட்டு. எதன் பின்னால் பிள்ளை இருக்கிறதோ தெரியவில்லை. ஒவ்வொரு கதவிலும் காதை வைத்துக் கேட்டாள். ஒரு அறைக்குள்ளிருந்து ஏதோ உருளும் சத்தம் வந்தது. “பாப்பா” என்று கூப்பிட்டாள். சத்தம் நின்றுவிட்டது. மேற்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினாள்.

ஒப்பந்தம் முடிந்த அன்று மெஷின்களை லாரியில் ஏற்றினார்கள். கட்டடக்காரரிடம், “இதை டீச்சருக்கே திரும்பக் குடுத்துடுங்க, அவங்க வருவாங்க, நான் பேசறேன்” என்று கெஞ்சினாள். “டைல்ஸ் குடோனுக்குப் பேசி முடிச்சாச்சேம்மா” என்று அவர் சாவிக்குக் கையை நீட்டினார்.

இப்போது அவள் வேறொரு ஹோட்டலில், தரைக்குக் கீழே இருக்கும் சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கிறாள். அங்கே அவளை யாரும் நுரையக்கா என்று கூப்பிடுவதில்லை; புதிதாக வந்த அக்கா, அவ்வளவுதான். போன வாரம், எதிர்ப்பக்கம் நின்று விரிப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொடுத்த சின்னப் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“அக்கா, இந்த ஊர்ல கைக்குழந்தையை விட்டுட்டு வர நல்ல இடம் எங்கயாவது தெரியுமா?”

நுரையக்கா விரிப்பை நாலாக மடித்து, ஓரத்தை நீவிவிட்டாள்.

“தெரியாதும்மா” என்றாள்.

அடுத்த விரிப்பின் முனையை எடுத்து அவளிடம் நீட்டினாள்.